ஆச்சியின் உலக்கை பேனாக்கத்திக்குப் பிடியாகுமா?

கேள்வி: பத்து வருஷமாக நான் வைத்திருக்கும் விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தியின் சிவப்புப் பிளாஸ்டிக் பிடி ஒரு பக்கம் உடைந்துவிட்டது. கையால் செய்த கருங்காலிப் பிடி என்று இணையத்தில் ஒருவர் 2,800 ரூபாய்க்கு விற்கிறார். எங்கள் ஆச்சியின் பழைய உலக்கை ஒன்றும் விரிசல் விட்டுப் பரணில் கிடக்கிறது. அதிலேயே செய்யலாமா, இல்லை வாங்கிவிடலாமா? – வாசகர், தென்காசி

பதில்: உலக்கையிலேயே செய்யுங்கள். ஆச்சி காலத்து உலக்கை என்றால் பெரும்பாலும் வைரம் பாய்ந்த கட்டையாகத்தான் இருக்கும். அதுவும் பல வருஷம் பரணில் கிடந்து காய்ந்த மரம். பிடிக்கு முதலில் பார்க்க வேண்டியதே அந்தக் காய்ச்சல்தான். ஈரம் போகாத மரத்தில் செய்த பிடி வந்த அன்று அழகாக இருக்கும். நாளாக ஆகச் சுருங்கி, ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுவிடும்.

விற்பவர் சொல்லும் ‘கருங்காலி’ எது என்று தெரியாமல் பணம் அனுப்பாதீர்கள். நம் பக்கம் அந்தப் பெயரில் இரண்டு மரங்கள் உண்டு. ஒன்றின் வைரம் கன்னங்கரேல் என்று இருக்கும். இன்னொன்று நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கருங்காலிக் கட்டை. காசுக்கட்டி காய்ச்சுவது அதன் வைரத்திலிருந்துதான், நிறம் செம்பழுப்பு. இரண்டும் நல்ல மரம்தான். ஆனால் கறுப்பு என்று காசு கொடுத்தால் கறுப்பாக வர வேண்டும். சாதாரண மரத்துக்குச் சாயம் ஏற்றி விற்பதும் நடக்கிறது. பின்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே வெளிறிக் கிடந்தால் சாயம். ஈட்டி மரத்தில் செய்து தருகிறேன் என்றால் மரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஈட்டி இனம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. ஆச்சியின் உலக்கைக்கு இந்தக் கேள்வியே வராது.

மரம் எதுவாக இருந்தாலும், நீங்கள் கூலி கொடுப்பது பொருத்தத்துக்குத்தான். முதலில் கத்தியை மடக்கி நீளத்தை அளந்து பாருங்கள். விக்டோரினாக்ஸில் 58, 84, 91 மில்லிமீட்டர் என்று பல அளவுகள். ஒன்றின் பிடித் தகடு இன்னொன்றுக்குச் சேராது. உங்களுடையது போன்ற சிவப்புப் பிளாஸ்டிக் தகடு ஆணித் தலைகளின் மேல் அழுத்திப் பொருத்தப்பட்டது. ஓரத்தில் மெல்லிய தகட்டை நுழைத்து மெதுவாக நெம்பினால் கழன்று வரும். அலுமினியப் பிடி வைத்த மாடல்கள் வேறு ரகம், அவற்றை ஆணியடித்துச் சேர்த்திருப்பார்கள். அதில் கை வைக்காதீர்கள்.

கழற்றிய பிளாஸ்டிக் தகட்டைத் திருப்பிப் பாருங்கள். ஆணித் தலை உட்காரக் குழிகள், இடுக்கிக்கும் பல்குத்திக்கும் நீளமான பள்ளங்கள் இருக்கும். கையால் செய்து விற்கும் பல பிடிகளில் அந்தப் பள்ளங்கள் இருப்பதில்லை. விரலில் முள் தைத்தால் நாம் தேடுவது அந்த இடுக்கியைத்தானே! ஆகவே, ‘இடுக்கிக்கு இடம் உண்டா’ என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உலக்கையை ஆசாரியிடம் கொடுக்கும்போது பூண் பக்கமும் விரிசல் பக்கமும் வேண்டாம், நடுப்பகுதியில் எடுக்கச் சொல்லுங்கள். ஆச்சி பிடித்துப் பிடித்து வழுவழுப்பான இடம் அதுதான். ஒரு சாண் துண்டு தாராளம். நார் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒருமுறை கீழே விழுந்தாலே தகடு ஒடிந்துவிடும். விரிசல் கிளம்புவது கட்டையின் உள் மையத்திலிருந்து என்பதால் அந்த மையத்தைத் தள்ளிவிட்டு, அடுத்தடுத்த இரண்டு சீவல்களை எடுத்தால் புத்தகம் விரித்த மாதிரி இரு பக்கமும் ஒரே ரேகை வரும். அறுத்ததை உடனே ஒட்டாமல் இரண்டு வாரம் நிழலில் போட்டு வையுங்கள். உள்முகத்தைக் கண்ணாடி மேல் வைத்தால் ஆடக் கூடாது.

ஆணிக் குழியை மிக இறுக்கமாகத் தோண்டினால் அழுத்தும்போது மரம் பிளக்கும். கொஞ்சம் தளர்வாகத் தோண்டி அரால்டைட் வைப்பது நல்லது. பசை கத்தி அலகுகளுக்குள் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெருகுக்கு வார்னிஷ் வேண்டாம், கை படும் இடத்தில் உரிந்துவிடும். பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீடு ஆயில் என்று கேளுங்கள். துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவி, துடைத்து, ஒரு நாள் காயவிட்டு மறுபடி தடவுங்கள். மூன்று நான்கு பூச்சு போதும். ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள்: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துப் போட்டு வெளியில் காயவிடுங்கள். மரத்தை இழைக்கும்போது முகத்தில் மாஸ்க் இருக்கட்டும், இந்த மரத்தூள் நெஞ்சுக்கு ஆகாது.

கழற்றிய பழைய தகடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே ஏதாவது பழுது என்று சர்வீசுக்கு அனுப்பும் நாளில் உங்கள் மரத் தகட்டுக்குக் கம்பெனி பொறுப்பேற்காது.

கேள்வி: இதே போல் ஆர்டர் கொடுத்து வாங்கிய மரப் பிடி என் கத்திக்குப் பொருந்தவில்லை. ‘ஆர்டருக்குச் செய்தது, திருப்பி எடுக்க மாட்டோம்’ என்கிறார்கள். – வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் கொடுத்த அளவு தவறு என்றால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சரியான மாடலைச் சொல்லியும் பொருந்தவில்லை, அல்லது சொன்ன மரம் இல்லை என்றால் அவர்கள் மறுக்க முடியாது. குறைபாடுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. பேசிய செய்திகளையும், கத்தி மேல் வைத்து இடைவெளி தெரிய எடுத்த படத்தையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

கேள்வி: மகன் விமானத்தில் டெல்லி போகிறான். இப்படி மரப் பிடி போட்ட மடக்குக் கத்தியைக் கொடுத்தனுப்பலாமா? – வாசகர், மதுரை

பதில்: செக்-இன் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். உங்கள் மரப் பிடியும் அதோடு போய்விடும்.