தட்டும் கரண்டியும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கச் சிறைகளில் யூதக் கைதிகள் கோஷர் சாப்பாடு (யூத மத விதிப்படி சமைத்தது, பன்றிக்கறி கிடையாது) கேட்டு வழக்கே போடுகிறார்கள் என்று நண்பர்களிடையே பேச்சு வந்தது. குற்றம் செய்துவிட்டு உள்ளே போனவனுக்கு எதற்கு மெனு? ராணுவத்திலும் சீருடை ஒன்று என்றால் சமையலும் ஒன்றாக இருக்க வேண்டாமா? சாப்பாட்டில் மதத்தை உள்ளே விட்டால் பின்னாலேயே சாதியும் வந்துவிடாதா?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடைசிக் கேள்விதான் விஷயமே. மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

சிறை. நீதிபதி கொடுத்த தண்டனை உள்ளே அடைபட்டிருப்பது, அவ்வளவுதான். தீர்ப்பில் பன்றிக்கறி சாப்பிட வேண்டும் என்று எழுதியிருக்காது. வெளியில் இருப்பவனுக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த கடை இருக்கிறது, உள்ளே இருப்பவனுக்கு ஒரே சமையலறை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலச் சிறைத்துறை செலவு கட்டுப்படியாகாது என்றுதான் வாதாடியது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஒப்புக்கொள்ளவில்லை, கோஷர் கொடுத்தாக வேண்டும் என்றது.

ராணுவத்துக்கு ஒரு பழைய கதை. முதல் உலகப் போரின்போது, 1915 டிசம்பரில், இன்றைய இராக்கில், டைகிரிஸ் ஆற்று வளைவில் உள்ள குட் என்ற ஊரில் பிரிட்டிஷ் ஜெனரல் டவுன்ஷெண்டின் படையைத் துருக்கியர் சுற்றி வளைத்தார்கள். படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். இருப்பு குறையக் குறைய குதிரைகளை வெட்டிக் கறி போட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சாப்பிட்டார்கள், நம்மவர்களில் பெரும்பாலோர் தொடவில்லை. டவுன்ஷெண்ட் விடாமல் இந்தியாவுக்குத் தந்தியடித்து மதத் தலைவர்களிடமே அனுமதி வாங்கினார். அப்போதும் பலர் மசியவில்லை, ஏனென்றால் சாஸ்திரம் விட்டாலும் ஊர் விடாதே, திரும்பிப் போனால் ஒதுக்கிவைத்துவிடுவார்களே என்ற பயம். கறியும் காய்கறியும் இல்லாமல் அவர்களை ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) பிடித்தது. வெள்ளை மாவு ரொட்டி தின்ற பிரிட்டிஷ்காரர்களுக்கோ பெரிபெரி (வைட்டமின் பி1 குறைவால் வரும் நோய்) வந்தது, நம்மவர்கள் சாப்பிட்ட ஆட்டாவில் தவிடு இருந்ததால் அந்த நோய் இவர்களிடம் அவ்வளவாக இல்லை. கடைசி வாரங்களில் பசியும் மிரட்டலும் சேர்ந்து பலரைச் சாப்பிட வைத்தன, ஆனால் அதற்குள் உடம்பு போய்விட்டது. 147 நாள் முற்றுகைக்குப் பிறகு 1916 ஏப்ரல் 29 அன்று படை சரணடைந்தது. தட்டு விஷயத்தில் உத்தரவு செல்லாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

அதே சமயத்தில் இங்கிலாந்தில் வேறு காட்சி. பிரைட்டன் நகரத்து அரண்மனையைக் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். ஒன்பது சமையலறைகள். இந்துக்களுக்கு ஒரு குழாய், முஸ்லிம்களுக்கு ஒரு குழாய். மனம் இளகியெல்லாம் செய்ததில்லை. தோட்டாவில் தடவிய பசு, பன்றிக் கொழுப்பு பற்றிய பேச்சு 1857-இல் சிப்பாய்க் கலகத்தில் கொண்டுபோய் விட்டது என்பது ஆங்கிலேயருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சரி, இரண்டு மதத்துக்கு எதற்கு ஒன்பது சமையலறை? அங்கேதான் உங்கள் கேள்வி வந்து நிற்கிறது. சாதியையும் பார்த்துத்தான் பிரித்திருந்தார்கள்.

பீகார் சிறைகளில் இது இன்னும் பழசு. கைதிகள் படிக்காசு வாங்கித் தாங்களே பொங்கிச் சாப்பிட்டு வந்தார்கள். 1840-களில் அதை நிறுத்திப் பொதுச் சமையல் கொண்டுவந்தபோது சிறைக்குச் சிறை கலகம். 1855-இல் பித்தளைச் செம்பைப் பிடுங்கி மண்பாத்திரம் கொடுத்தார்கள், முசாபர்பூரில் ஊர்க்காரர்களே கைதிகளுக்காகத் திரண்டுவிட்டார்கள், செம்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மண்பாத்திரத்தை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் தீட்டுப் போகாதாம்! இப்படி விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் 'தகுந்த சாதிச் சமையல்காரர்' என்பது சிறை விதியாகவே ஏறி உட்கார்ந்தது. மேற்கு வங்கச் சிறை விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: இருக்கிற சமையல்காரர்கள் கையால் சாப்பிட முடியாத அளவுக்கு ஒரு கைதி உயர்ந்த சாதி என்றால், அவரையே சமையல்காரராகப் போட்டு அத்தனை பேருக்கும் சமைக்க விட வேண்டும். எழுதியவர் குறும்புக்காரரா, அப்பாவியா, தெரியவில்லை.

இதையெல்லாம் 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நம் பாளையங்கோட்டை சிறையும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. அங்கே சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்திருந்ததற்கு, சண்டை வராமல் இருக்கத்தான் என்று காரணம் சொல்லப்பட்டிருந்தது, நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

ஆக, ஆர்., நான் கோடு கிழிப்பது இங்கேதான். தட்டில் என்ன விழுகிறது என்பது சாப்பிடுகிறவனின் சமாச்சாரம், அதில் அரசாங்கம் வளைந்து கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். கரண்டியை யார் பிடிப்பது என்று கேட்டால், அது பக்கத்தில் நிற்கிற இன்னொரு மனிதனைப் பற்றிய பேச்சு. சைவம் கேட்டால் சைவம் போடட்டும், நோன்பு என்றால் விடியுமுன் சோறு கொடுக்கட்டும். இவர் சமைத்ததைத் தொடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால், சாப்பாடு அங்கேதான் மூடி வைத்திருக்கிறது, பசிக்கும்போது வந்து எடுத்துக்கொள்ளட்டும்.