டிக்கி மூடி நிற்க மாட்டேன் என்கிறதா?

கேள்வி: என் 1966 ஃபோர்டு மஸ்டாங்கின் டிக்கி மூடி பாதியிலேயே கீழே விழுகிறது. மூடியைத் தூக்கிப்பிடிக்கும் முறுக்குக் கம்பிகளை எடுத்துவிட்டு கேஸ் ஸ்ட்ரட் (வாயு அழுத்தத்தால் மூடியைத் தாங்கும் குழாய்) போடலாமா?
வாசகர், டெக்சாஸ்

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் முதலில் கம்பியின் முனையை அடுத்த பள்ளத்துக்கு மாற்றிப் பாருங்கள். பல வண்டிகளுக்கு அதுவே போதும். காசும் செலவில்லை, பழைய அமைப்பும் அப்படியே இருக்கும்.

கம்பியைக் கழற்றுவதானால் மூடியை முழுதாகத் திறந்து கட்டையால் முட்டுக்கொடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பூட்டும் குறட்டால் முனையை இறுகப் பிடித்து விடுவியுங்கள். முறுக்கம் மிச்சமிருக்கும். நழுவினால் விரலைப் பதம் பார்த்துவிடும்.

ஸ்ட்ரட்டின் பலத்தைக் குத்துமதிப்பாக வாங்காதீர்கள். உதாரணத்துக்கு, மூடி 14 கிலோ, அதன் எடைமையம் கீலிலிருந்து 45 செ.மீ. என்றால் தேவையான திருப்புவிசை சுமார் 62 நியூட்டன் மீட்டர். ஸ்ட்ரட் கீலிலிருந்து 10 செ.மீ. தொலைவில் தள்ளினால், இரண்டு ஸ்ட்ரட்டுக்கும் தலா 310 நியூட்டன். சுமார் 13 சதவீதம் கூட்டி 350 வாங்குங்கள். குளிரில் வாயு அழுத்தம் குறையும்; 20 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு இறங்கினால் ஏறக்குறைய 7 சதவீதம் போய்விடும். அதற்காக 600 போட்டால் கீல் கை வளையும், மூடியின் மூலைத் தகடு தூக்கிக்கொள்ளும். சரிசெய்வது பெரும்பாடு.

மூடிய நிலையில் ஸ்ட்ரட்டின் தண்டு கீழ்நோக்கி இருக்கட்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய் சீல் எனும் கசிவுத்தடை வளையத்தை நனைத்துக்கொண்டிருக்கும். தலைகீழாக மாட்டினால் சீல் காய்ந்து வாயு கசியும். மூடியபின்னும் 5 முதல் 10 மி.மீ. தண்டு மிச்சம் வேண்டும். ஸ்ட்ரட்டின் முனை மாட்டும் பந்துத்தலை போல்ட்டை வெறும் தகட்டில் முறுக்காதீர்கள், பின்னால் 3 மி.மீ. தகடு வைத்து இறுக்குங்கள். மாற்றும்போது ஜோடியாகவே மாற்றுங்கள்.