மக்ரோனின் 58 சதவீதம் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

2022 பிரெஞ்சு அதிபர் தேர்தலில் மக்ரோன் பெற்றது "இரவல் வாக்குகளால் வந்த வெற்றி" என்று எழுதியிருந்தீர்கள். 58.55 சதவீதம் வாங்கியவரை அப்படிச் சொல்வது நியாயமா? முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், பெரும்பான்மை யாருக்கு என்று காட்டத்தானே முதல் இருவரை மட்டும் வைத்து இரண்டாம் சுற்று நடத்துகிறார்கள்?

முத்துக்குமரன்

அன்புள்ள முத்துக்குமரன்,

அவர் ஜெயித்தது முறையான வெற்றிதான். அந்த 58-இல் அவருடைய சொந்த வாக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறேன். முதல் சுற்றில் கிடைத்தது 27.85 சதவீதம், சுமார் 98 லட்சம் வாக்கு. இரண்டே வாரத்தில் அது 1 கோடியே 87 லட்சத்தைத் தாண்டியது. புதிதாக வந்தவர்களில் பெரும்பகுதி, எதிர்த்து நின்ற தீவிர வலதுசாரி மரீன் லெ பென் வந்துவிடக் கூடாது என்று போட்டவர்கள். முதல் சுற்றில் தேர்ந்தெடுப்போம், இரண்டாவதில் விலக்குவோம் என்று அங்கே சொல்வார்கள்.

இரண்டு இடங்களைப் பாருங்கள். பாரிஸை ஒட்டிய சேன்-சேன்-தெனியில் முதல் சுற்று வாக்கில் ஏறக்குறைய பாதி, இரண்டாம் சுற்றுக்கு வர முடியாத இடதுசாரியான மெலன்ஷோனுக்கு. பிரான்சின் ஆட்சியில் உள்ள கரீபியன் தீவான குவாதலூப்பிலும் அவருக்கே 56 சதவீதம். லெ பென்னுக்கு ஒரு வாக்குகூடப் போடாதீர்கள் என்று அவர் மன்றாடினார். சேன்-சேன்-தெனி 70 சதவீதத்துக்கு மேல் மக்ரோனுக்குப் போட்டது. குவாதலூப்போ கிட்டத்தட்ட அதே அளவு லெ பென்னுக்குப் போட்டது! பக்கத்துத் தீவான மார்த்தினிக்கிலும் அவர்தான் முந்தினார். 1987-இல் அவருடைய அப்பா, அதே கட்சியின் நிறுவனர் ழான்-மரி லெ பென் வந்த விமானம் இறங்க முடியாதபடி ஓடுபாதையில் மக்கள் திரண்டு நின்ற தீவு அது. இனவெறிக் கட்சி மேல் அங்கே திடீரென்று பாசம் பொங்கிவிட்டது என்று நான் நம்பவில்லை. மருத்துவ ஊழியர்களுக்குக் கோவிட் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து 2021 கடைசியில் கலவரமே நடந்தது. வாழைத் தோட்டங்களில் அடித்த குளோர்டெகோன் என்ற நச்சுப் பூச்சிமருந்து இன்றும் மண்ணை விட்டுப் போகவில்லை. பாரிஸில் இருக்கும் அரசு மேல் இருந்த ஆத்திரமெல்லாம் மக்ரோன் தலையில் விழுந்தது. அந்தத் தீவுகளில் பாதிப் பேருக்கு மேல் வாக்குச்சாவடிக்கே வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பிரான்சில் ஒரு வேட்பாளரின் வாய்ப்பைக் கணிக்க, அவரை விரும்புகிறவர்களை எண்ணினால் போதாது. அவரைத் தடுக்க எத்தனை பேர் கிளம்பி வருவார்கள் என்று பார்க்க வேண்டும். 2002-இல் அப்பா லெ பென்னை எதிர்த்து அப்போதைய அதிபர் ஷிராக் பெற்றது 82 சதவீதம். 2017-இல் மகளை எதிர்த்து மக்ரோன் 66. பிறகு 58. தடுக்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

வெற்றி பெற்ற இரவே, பலர் தன் கொள்கைக்காக வாக்களிக்கவில்லை, தீவிர வலதைத் தடுக்கவே வாக்களித்தார்கள் என்று மக்ரோனே ஒப்புக்கொண்டார். அந்த வாக்கு தன்னைக் கடமைப்படுத்துகிறது என்றார். அடுத்த ஆண்டே ஓய்வு வயதை 62-இலிருந்து 64 ஆக்கும் சட்டத்தை, தேசிய அவையில் வாக்கெடுப்பு இல்லாமல், அரசியலமைப்பின் 49-3 பிரிவைக் கொண்டு அவருடைய அரசு நிறைவேற்றியது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். மனமில்லாமல் வந்து வாக்களித்த சேன்-சேன்-தெனி தொழிலாளிக்கு அவர் செய்த கைம்மாறு இதுவா?

தொடர்ந்து இரு முறை அதிபராக இருந்துவிட்டதால் 2027-இல் அவர் நிற்க முடியாது. அவர் இடத்துக்கு வருகிறவர் அதே தொழிலாளியிடம்தான் மறுபடி போய்க் கேட்க வேண்டியிருக்கும்.