கடற்படை ஹெலிகாப்டர் பிரிவில் பைலட் ஆகாமல் டெக்னீஷியனாகச் சேர்ந்தால், கப்பலில் வேலை எப்படி இருக்கும்?

கேட்டவர் இப்படி எழுதியிருக்கிறார்: "பன்னிரண்டாவது முடித்திருக்கிறேன். கடற்படை ஹெலிகாப்டர் பிரிவு ரொம்பப் பிடிக்கும். ஆனால் பைலட் ஆக முடியாது, டெக்னீஷியனாகத்தான் போகலாம் என்கிறார்கள். கப்பலில் அது வெறும் துடைக்கிற வேலை என்று மாமா சொல்கிறார். உண்மையா? அம்மா வேறு பயப்படுகிறார்."

துடைத்திருக்கிறேன் தம்பி. 1999-ல் சேர்ந்து 2014-ல் வெளியே வந்தேன். அந்தப் பதினைந்து வருடமும் கையில் துணி இருந்தது. உங்கள் மாமா சொன்ன அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலின் பெயர், எந்த வருடம், கூட இருந்தவர்கள் யார் என்பதையெல்லாம் எழுத மாட்டேன், கேட்காதீர்கள். அப்புறம், நான் வேலை பார்த்தது சேதக் என்ற சின்ன ஹெலிகாப்டரில். சீகிங், காமோவ் என்ற மற்ற ஹெலிகாப்டர்களைப் பார்த்தவர்களும், 2024 மார்ச்சில் கொச்சியில் தொடங்கிய எம்ஹெச்-60 ரோமியோ ஹெலிகாப்டர் படைப்பிரிவுக்காரர்களும் வந்து "எங்களிடம் அப்படி இல்லை" என்று சொன்னால் அதுவும் சரியாகவே இருக்கும். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். 1992-ல் ஐஎன்எஸ் ராஜாளி என்ற கடற்படை விமானதளம் வந்தபோது எனக்குப் பதினோரு வயது. கடற்படையின் ஹெலிகாப்டர் பைலட்டுகள் பயிற்சி எடுப்பது அங்கேதான். எங்கள் கடலைக் கொல்லைக்கு மேலே ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சேதக் சுற்றும். அப்பா களை எடுத்துக்கொண்டிருப்பார், நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கடலே இல்லாத ஊரில் கடற்படை எதற்கு என்று அப்போது புரியவில்லை. ஒடிசாவில் சில்காவில் மாலுமிகளுக்கான முதல் பயிற்சி, கொச்சியில் விமானத் தொழில்நுட்பப் பயிற்சி, பிறகு மும்பை கொலாபாவில் ஸ்குவாட்ரன், அதாவது ஹெலிகாப்டர் படைப்பிரிவு என்று போய்ச் சேர்ந்தபின்தான் எல்லாம் விளங்கியது.

நிறையப் பேர் தப்பாக நினைக்கிற ஒன்று உண்டு. ஸ்குவாட்ரன் முழுசாகக் கப்பலில் ஏறுவதில்லை. விமானந்தாங்கிக் கப்பலின் கதை வேறு. மற்றபடி ஸ்குவாட்ரனின் வீடு கரையில்தான். அதிலிருந்து ஒரு ஹெலிகாப்டர், இரண்டு மூன்று பைலட்டுகள், பத்துப் பன்னிரண்டு மாலுமிகள் என்று ஒரு துண்டைப் பிரித்து ஒரு கப்பலுக்கு அனுப்புவார்கள். அதற்குப் பெயர் பிளைட். கப்பல்காரர்களுக்கு நாம் விருந்தாளி மாதிரி. அவர்களுக்கு இரவுக் காவல் முறை உண்டு, நமக்குக் கிடையாது. அதனால் "பிளைட்காரன் தூங்குகிறான்" என்று ஒரு பேச்சு எப்போதும் இருக்கும். காலை நாலரைக்கு நாம் எழுந்து ஹெலிகாப்டர் நிற்கும் ஹேங்கரின் கதவைத் திறப்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

விடியலில் முதல் வேலை, டெக்கில் எல்லாரும் தோளோடு தோள் நின்று, குனிந்தபடி ஹேங்கர் வாசலிலிருந்து கப்பலின் பின்முனை வரை நடப்பது. ஒரு பெயிண்ட் செதில், ஒரு கம்பித் துணுக்கு, யாரோ சட்டையிலிருந்து விழுந்த பொத்தான், எது கண்ணில் பட்டாலும் பொறுக்க வேண்டும். சேதக்கின் என்ஜின் மூடி ஏதும் இல்லாமல் மேலே திறந்து கிடக்கும். நிமிடத்துக்கு 33,500 சுற்று சுற்றுகிற பொருள் அது. உள்ளே ஒரு பொத்தான் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்து எரிபொருளைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்போம். அடியில் ஒரு முத்துப் போலத் தண்ணீர் நின்றாலும் அது ஹெலிகாப்டருக்குள் போகக் கூடாது.

அப்புறம் உப்பு. இதைக் கரையில் இருப்பவர்களுக்கு எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. ராத்திரி ஹேங்கருக்குள் மூடி வைத்த மெஷினின் வாலில் காலையில் விரலை வைத்து இழுத்தால் கோடு விழும். நாக்கில் வைத்தால் கரிக்கும். அலுமினியத்தை உப்பு தின்னும். பெயிண்டுக்கு அடியில் சின்னக் கொப்பளம் மாதிரிதான் ஆரம்பிக்கும். அதனால் தினமும் நல்ல தண்ணீரில் உடம்பைக் கழுவி, என்ஜினுக்கும் சுத்தமான தண்ணீர் விட்டு அலசி, துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். கப்பலில் குளிக்கிற தண்ணீர் அளந்துதான் வரும். சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கும்போது குழாய் நின்றுபோன ஒருவன், நாங்கள் ஹெலிகாப்டரைக் குளிப்பாட்டுவதைப் பார்த்து என்ன சொல்லியிருப்பான் என்று எழுத வேண்டியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2008 அக்டோபரிலிருந்து ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையரைத் தடுக்க நம் போர்க்கப்பல் ஒன்று எப்போதும் நின்றது. அங்கே 490 கடல் மைல் நீளம், 20 கடல் மைல் அகலத்துக்கு ஒரு பாதை போட்டிருந்தார்கள். சரக்குக் கப்பல்களை வரிசையாக அதில் கூட்டிப்போவது வேலை. ஒரு முறை எங்கள் பிளைட் அந்தக் கப்பலில் இருந்தது.

ஒரு நாள் மாலை பரிசோதனை முடித்துக் கருவிகளைப் பெட்டியில் வைத்தோம். ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே பள்ளம் வெட்டியிருக்கும். ஒரு பள்ளம் காலி. நீளக் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி, பல் டாக்டர் வைத்திருப்பாரே, அது மாதிரி. கை போகாத இடத்தைப் பார்க்க உதவுவது. அன்று அதை எடுத்தவன் நான்.

எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. வேறு பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்துவிடலாம் என்ற எண்ணமும் ஒரு நொடி வந்தது, பொய் சொல்ல மாட்டேன். போய் எங்கள் மாலுமிகளில் மூத்தவரான சீஃபிடம் சொன்னேன். ஒடிசாக்காரர், சத்தம் போட்டே பேசத் தெரியாத மனிதர். அவர் பதிவேட்டை எடுத்து, ஹெலிகாப்டர் பறக்கத் தகுதியில்லை என்று எழுதிவிட்டுத்தான் என் முகத்தையே பார்த்தார். மறுநாள் விடியலில் ஐந்து கப்பல்கள் எங்களோடு வர வேண்டியிருந்தது. பிளைட் கமாண்டர் வந்தார், கேட்டார், ஒரு வார்த்தை பேசாமல் தானும் டார்ச்சை எடுத்துக்கொண்டு தேட ஆரம்பித்தார்.

ராத்திரி ஏழு மணிக்குத் தொடங்கினோம். எல்லார் பாக்கெட்டும் பார்த்தாயிற்று. சமையலறைக் குப்பைவாளியைக் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. சலவைக்குப் போட்ட துணியை உதறியாயிற்று. ஹேங்கரில் காற்றே கிடையாது, சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. பன்னிரண்டரை மணிக்கு சீஃப் என்னைக் கூப்பிட்டு, "சாயங்காலம் செய்ததை முதலிலிருந்து அப்படியே செய்துகாட்டு" என்றார். மேலே ஏறினேன். வலது கையில் துணி, இடது கையில் கண்ணாடி இருப்பதாக நினைத்துக்கொண்டேன். கியர்பாக்ஸுக்குக் கீழே ஒரு கசிவைத் துடைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. இடது கை தானாகப் போய் அங்கிருந்த சின்ன விளிம்பில் நின்றது. கண்ணாடி அங்கே இல்லை. ஆனால் கப்பல் ஆட்டத்தில் அதற்கும் உள்ளே வழுக்கிப் போயிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. பைலட்டின் கையிலிருந்து மேலே இறக்கைக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கம்பிக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி.

யாரும் திட்டவில்லை. சீஃப் அதை வாங்கித் துடைத்து, பள்ளத்தில் வைத்து, எல்லாவற்றையும் மறுபடி எண்ணச் சொன்னார். பிறகு திரும்பவும் முழுப் பரிசோதனை. படுக்கும்போது மணி மூன்று.

காலை 5:50-க்கு அலாரம் அடித்தது. வரிசையில் கடைசியாக வந்த சரக்குக் கப்பல், இரண்டு சின்னப் படகுகள் வேகமாக நெருங்குகின்றன என்று ரேடியோவில் கத்திக்கொண்டிருந்தது. சீஃப் பதிவேட்டை என்னிடம் நீட்டினார். "கையெழுத்துப் போடு, மெஷின் சரியாக இருக்கிறது என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியும்" என்றார். போட்டேன். கடற்படையின் மார்கோஸ் கமாண்டோ இரண்டு பேர் ஏறினார்கள், சேதக் கிளம்பியது. தலைக்கு மேல் அது வட்டமடித்ததும் படகுகள் ஏணியைக் கடலில் தள்ளிவிட்டுத் திரும்பிப் போனதாகப் பைலட் வந்து சொன்னார். மீன் பிடிக்கப் போகிறவனுக்கு ஏணி எதற்கு?

இறங்கும்போது அலை ஏறியிருந்தது. கப்பலின் இடப்பக்கமாக வந்து, நம் வேகத்துக்குச் சமமாக ஓட்டி, அப்படியே குறுக்காக நகர்ந்து டெக்குக்கு மேலே வரும். டெக் மேலே எழும்பும், விழும், சாயும். ஒரு கணம் சமமாக நிற்கும், அந்தக் கணத்தில் பைலட் அதை உட்கார வைக்க வேண்டும். சக்கரம் பட்டதும் நாங்கள் ஓட வேண்டும். இறக்கை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். குனிந்து, பைலட் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்திலிருந்து மட்டும் உள்ளே போய், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சங்கிலி மாட்டி இறுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் முகத்தில் ஊசி மாதிரி குத்தும், காதில் அந்த என்ஜினின் கீச்சு. சங்கிலியின் கொக்கி டெக் வளையத்தில் "டக்" என்று விழுவது காதில் கேட்காது, விரலில்தான் தெரியும். நான்கும் விழுந்த பிறகுதான் மூச்சு வரும். இன்றைக்கும் மழை நாளில் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளைப் போடும்போது எனக்கு அந்த விரல் உணர்வு வந்துபோகிறது.

பைலட்டைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். அந்த ஆட்டத்தில் இறக்குவது சாதாரணக் காரியமில்லை, அவர்களைக் கும்பிடலாம். ஆனால் 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் ஆலுவா பக்கம் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரைக் கடற்படை ஹெலிகாப்டர் கயிற்றில் தூக்கிய வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அன்றே கொச்சி கடற்படை மருத்துவமனையில் அவருக்குக் குழந்தை பிறந்தது. நான் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து அந்தக் கம்பிக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை வெளியே இழுத்து, பஞ்சுத் துணியால் அங்குலம் அங்குலமாகத் துடைத்துத்தான் சோதிப்போம். ஒரு இழை அறுந்திருந்தாலும் துணி அதில் மாட்டும். கண்ணுக்குத் தெரியாத அறுப்பு துணிக்குத் தெரியும். தாயும் பிள்ளையும் தொங்கிய அந்தக் கயிற்றை யாரோ ஒருவன் அப்படித் துடைத்திருக்கிறான். உங்கள் மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

வெளியே வந்தபின் மதிப்பு இருக்குமா என்பதையும் மறைக்கக் கூடாது. ஒரு தனியார் ஹெலிகாப்டர் நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போனேன். சிவில் லைசென்ஸ் இல்லை, அதனால் பராமரிப்பில் எடுக்க முடியாது என்றார்கள். அது விதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை இருக்கிறது, முன்னாள் ராணுவத்தினரைத்தான் தேடுகிறோம்" என்றபோது எழுந்து வந்துவிட்டேன். செக்யூரிட்டி வேலை கேவலம் என்று சொல்லவில்லை. என் கை எதைக் கற்றதோ அதைப் பற்றி அவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. லைசென்ஸ் தேர்வுகளைப் பற்றிச் சேர்ந்த முதல் வருடமே விசாரித்து வையுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத இன்னொன்று, மனசில் கிடப்பதால் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடத்தில் நான் ஒரு தடவைகூட ஒழுங்காக ஓட்டுப் போட்டதில்லை. எனக்கு அப்போது தபால் ஓட்டு. ஒரு தேர்தலில் ஓட்டுச்சீட்டு கப்பலைத் தேடி இரண்டு துறைமுகம் சுற்றி, முடிவு அறிவித்த பிறகு என் கைக்கு வந்தது. மற்றதெல்லாம் வரவே இல்லை. 2016-க்குப் பிறகு சீட்டை மின்னணு முறையில் அனுப்புகிறார்கள். அது நல்லது. ஆனால் "நாட்டைக் காப்பவர்கள்" என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது, அந்தப் பிரிக்காத உறைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்போது நீங்கள் சேர்வதாக இருந்தால் அக்னிவீர்தான். நான்கு வருடம், அதன்பின் அதிகபட்சம் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்குத்தான் தொடர வாய்ப்பு. அந்தத் திட்டத்தைப் பற்றி இங்கே சண்டை வேண்டாம். என் அனுபவத்தில், ஒரு புதுப் பையனைத் தனியாக விட்டு அவன் கையெழுத்தை நம்ப எங்கள் சீஃபுக்கு இரண்டு வருடம் ஆனது. நான்கில் இரண்டு அப்படிப் போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கணக்கும் இயற்பியலும் பன்னிரண்டாவதில் இருக்க வேண்டும்.

அம்மா பயப்படுவது பற்றி. என் அம்மா ரயில்வே ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உனக்கு நீச்சல் தெரியாதேடா?" உண்மைதான், கிணற்றில்கூட இறங்கியதில்லை. சில்காவில் முதல் வாரம் குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன், பயிற்சி முடியும்போது நன்றாகவே நீந்தினேன். முதல் லீவில் ஊருக்குப் போனதும் அம்மா எதிரிலேயே எங்கள் கொல்லைக் கிணற்றில் குதித்துக் காட்டினேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.