கண்மாயும் ஊராட்சியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீர்நிலைகளை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சியின் வார்டு உறுப்பினர். எங்கள் கண்மாய்க்கு ஆயக்கட்டு, அதாவது அது பாயும் நிலம், 62 ஏக்கர், ஒன்றியத்துக் கண்மாய். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜேசிபி விட்டுத் தூர் வாரினார்கள், கரையையும் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகு நல்ல மழை பெய்தும் கண்மாய் பாதிக்கு மேல் பெருகவில்லை. மேலே உள்ள ஊராட்சிக்காரர்கள் தங்கள் கலுங்கை, கண்மாய் நிரம்பியதும் தண்ணீர் வழியும் இடத்தை, ஒரு அடி உயர்த்திக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். கேட்டால், எங்கள் ஊராட்சி, எங்கள் கண்மாய், எங்கள் தீர்மானம் என்கிறார்கள். இதற்குப் பொதுப்பணித்துறையே தேவலை என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அதிகாரத்தைக் கீழே கொடுத்தால் இதுதான் நடக்கும் என்றால் உங்கள் வாதம் என்ன ஆகிறது? மே 1 கிராம சபையில் நாங்கள் என்ன தீர்மானம் போட வேண்டும்?

ஒரு ஊராட்சி உறுப்பினர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கண்மாய் இன்னும் உங்கள் ஊராட்சியிடம் வரவில்லை. பேச்சை அங்கிருந்து தொடங்குவோம்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள 14,000 சொச்சம் நீர்வளத்துறையிடம் (முன்பு பொதுப்பணித்துறையில் இருந்தது). மற்றவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஒன்றியம் வேறு, கிராம ஊராட்சி வேறு. ஒன்றியத்தில் கைவிரலில் எண்ணக்கூடிய பொறியாளர்கள்தான் உண்டு. சாலை, கட்டடம், குடிநீர் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் அவர்கள் கண்மாய்களையும் பார்க்கிறார்கள். கண்மாய் கிடக்கும் நிலம் வருவாய்த்துறையுடையது. ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரம் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த்துறை அதிகாரிகளுக்கு. 2007-இல் ஏரிகளைப் பாதுகாக்கத் தனியாக ஒரு சட்டம் வந்தது, ஆனால் அது பொதுப்பணித்துறையின் கட்டுப்பாட்டில் இருந்த ஏரிகளுக்காக எழுதப்பட்டது, உங்கள் கண்மாய் அதற்குள் வராது. வண்டல் எடுக்க 1959-ஆம் ஆண்டு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி அனுமதி வாங்க வேண்டும். 2024-இல் வட்டாட்சியரே அந்த அனுமதியைக் கொடுக்கலாம் என்று எளிதாக்கினார்கள். இத்தனையிலும் கிராம சபை கையெழுத்துப் போட்டு முடிவு செய்யக்கூடியது என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் பதினோராவது அட்டவணையில் 29 துறைகளைச் சொல்கிறது. சிறுபாசனம், நீர் மேலாண்மை, நீர்ப்பிடிப்பகுதி மேம்பாடு மூன்றும் சேர்ந்து அதில் மூன்றாவது இனம். மண்வளப் பாதுகாப்பு இரண்டாவதில் வருகிறது, மீன்வளம் ஐந்தாவது, சமூகக் காடு ஆறாவது. ஆனால் 243ஜி பிரிவு, மாநில சட்டமன்றம் இவற்றை ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது, கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. நம் 1994 ஊராட்சிகள் சட்டத்தில் ஊரே கூடிப் பராமரிக்கும் குடிமராமத்தைப் பற்றித் தனிப் பிரிவே இருந்தும், வேலை கீழே வந்த அளவுக்கு அதிகாரமும் பணமும் ஆளும் வரவில்லை.

இனி உங்களுக்கு மேலே உள்ள ஊரின், மேலூர் என்று சொல்வோம், கலுங்கு. அங்கே நடந்தது தவறு, சந்தேகமில்லை. எவ்வளவு பெரிய தவறு என்று கணக்காகப் பார்த்தால்தான் பேச முடியும். மேல் கண்மாயின் நீர்ப்பரப்பு 40 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு அடி என்பது 30 சென்டிமீட்டர். 40 ஏக்கரில் 30 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 48,500 கன மீட்டர், அதாவது 1.7 மில்லியன் கன அடி. உங்கள் கண்மாயின் முழுக் கொள்ளளவு 4 மில்லியன் கன அடி என்றால், ஒரு பெருக்குக்கு அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மேலே நின்றுவிடுகிறது. மழை இரண்டு தரம் பலமாகப் பெய்தால் மறுகால் பாயும், உங்களுக்கும் கிடைக்கும். மழை இடைவெளி விட்டுப் பெய்யும் வருடத்தில்தான் அடி விழும்.

அந்த உயர்த்தல் மேலூருக்கும் ஆபத்து. கலுங்கு மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் நடுவே மூன்று நான்கு அடி இருப்பது வெள்ளத்துக்காக விட்ட இடம். கரையை உயர்த்தாமல் கலுங்கை மட்டும் ஒரு அடி உயர்த்தினால் அந்த இடத்தில் ஒரு அடி போயிற்று. பெருமழையில் தண்ணீர் கலுங்கில் வழிய இடம் போதாமல் கரைமேல் ஏறும், ஏறிய இடத்தில் கரை அறுந்துகொள்ளும். கரைக்கு உட்புறம் தண்ணீர் தேங்கும் உள்வாயில் பட்டா நிலம் வைத்திருப்பவர்களின் பயிரும் முழுகும். பழைய கலுங்குகளில் வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி கார்த்திகைப் பெருமழை ஓய்ந்து, இனி வெள்ளம் வராது என்று தெரிந்த பிறகு, அந்தக் கற்களுக்கு நடுவே பலகை செருகி, புல்லும் களிமண்ணும் அடைத்துக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்கிக்கொள்வார்கள். எப்போது அடைப்பது, எப்போது பிரிப்பது என்பதில் கீழூருக்கும் சொல் இருந்தது. சில ஊர்களில் இதை மாமூல்நாமாவாக, அதாவது வழக்கப் பதிவாக, எழுதியே வைத்திருந்தார்கள். பிரிக்கக்கூடிய அடைப்பின் இடத்தில் கான்கிரீட் வந்ததும் அந்தப் பேச்சுக்கே வேலையில்லாமல் போய்விட்டது.

இதிலிருந்து ஊராட்சிக்கு அதிகாரம் ஆகாது என்ற முடிவுக்கு உங்கள் பெரியவர்கள் வருகிறார்கள். நான் வரவில்லை. தண்ணீரின் எல்லையும் ஊராட்சியின் எல்லையும் ஒன்றல்ல, ஒப்படைக்கும்போது இதைக் கணக்கில் எடுக்கவில்லை, கோளாறு அங்கே இருக்கிறது. வானம் பார்த்த பூமியில் கண்மாய்கள் தொடர் தொடராகக் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து வழிந்தோடும் மறுகால் அடுத்ததுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால். ஒப்படைத்தால் அந்தத் தொடர் முழுவதையும், அதிலுள்ள எல்லா ஊராட்சிகளுக்கும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும். கலுங்கு மட்டம், வரத்துக்கால் அகலம், வயலுக்குத் தண்ணீர் விடும் மடை திறக்கும் நாள் ஆகியவை தொடர் முழுவதற்குமான கூட்டுக்குழுவின் முடிவாக இருக்க வேண்டும். கண்மாய்க்குள் இருக்கும் மீன், மரம், வண்டல், அன்றாடப் பராமரிப்பு அந்தந்த ஊராட்சிக்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு, இதை அதிகம் பேர் பேசுவதில்லை. 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டம் உருவாக்கிய பாசன சபையில் ஆயக்கட்டில் நிலம் உள்ளவருக்கு மட்டுமே வாக்கு. ஆடு மாடு வைத்திருப்பவர், மீன் பிடிப்பவர், கண்மாய்க்கரையில் குடியிருக்கும் நிலமற்றவர் அதில் இல்லை. கிராம சபையில் இவர்கள் எல்லோரும் உண்டு, ஆனால் ஆயக்கட்டில் நிலம் வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரருக்கு அங்கே இடமில்லை. இரண்டில் எதை எடுத்தாலும் ஒரு தரப்பு வெளியே நிற்கிறது. கூட்டுக்குழுவில் இரு தரப்புக்கும் எழுத்துப்பூர்வமான இடம் வைக்காவிட்டால், விடுபட்டவர் இரவில் மடையை உடைப்பார்.

மத்திய அரசின் ஹரியாலி வழிகாட்டு நெறிகள் 2003-இல் நீர்ப்பிடிப்பகுதித் திட்டங்களை ஊராட்சிகளின் கையில் கொடுத்தன. 2008-இல் வந்த பொது நெறிகள் அதை மாற்றி, கிராம சபை அமைக்கும் தனிக் குழுவிடம் கொடுத்தன. கூடவே வேளாண்மை, மண், நீர், சமூகப் பணி அறிந்த குறைந்தது நான்கு பேர் கொண்ட ஒரு தொழில்நுட்ப அணியும் வேண்டும் என்றன. ஊராட்சிகளின் கையில் இருந்த முதல் ஐந்து வருடத்தில் நடைமுறையில் இல்லாமல் போனது இந்த அணிதான் என்பது என் கருத்து. மட்டம் பார்க்கவும் மதிப்பீடு போடவும் ஆள் இல்லாத ஊராட்சி, ஒப்பந்தக்காரர் காட்டும் இடத்தில் தடுப்பணை கட்டும். கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்து மதிப்பீடுகளைப் பார்க்க வைத்தார்கள். பணமும் ஆளும் ஒன்றாக இறங்கியது அங்கே நடந்த நல்ல காரியம்.

இனி உங்கள் கண்மாய்க்கு வருகிறேன். ஜேசிபி வேலை ஏன் பயன் தரவில்லை என்பதைப் பார்ப்போம்.

ஐப்பசிப் பட்டத்து நெல்லுக்கு மழை போகக் கண்மாயிலிருந்து 80 சென்டிமீட்டர் தேவை என்று வைத்தால், ஏக்கருக்குச் சுமார் 3,240 கன மீட்டர். 62 ஏக்கருக்கு 2 லட்சம் கன மீட்டர், அதாவது 7 மில்லியன் கன அடி. 4 மில்லியன் கன அடிக் கண்மாய் ஒரு தரம் நிரம்பினால் போதாது, இரண்டாம் பெருக்கும் வேண்டும். தூர் வாரியதில் 5,000 கன மீட்டர் மண் எடுத்திருப்பார்கள் என்றால், டிராக்டர் டிப்பருக்கு 3 கன மீட்டர் வீதம் 1,600 நடைக்கு மேல். பார்க்கப் பெரிய வேலை. கொள்ளளவில் கூடியது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. வரத்துக்கால் அடைபட்டு 2 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் ஓட்டம் வராமல் போனால் இழப்பு ஒரு லட்சம் கன மீட்டர், கிட்டத்தட்ட ஒரு முழுப் பெருக்கு.

எடுத்த மண்ணையும் எங்கே எடுத்தார்கள் என்று பாருங்கள். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் மடை வழியாக வெளியே வராது. மாடு குடிக்கும், கிணறு ஊறும், அது நல்லதுதான், ஆனால் பாசனக் கணக்கில் சேராது. கரையடியை ஒட்டித் தோண்டியிருந்தால் கரை சரியும். கரை உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரம், எப்படியும் பத்து மீட்டராவது விட்டுத்தான் தோண்ட வேண்டும். கரையில் மண் கொட்டும்போது முதலில் புல்லையும் வேரையும் சுரண்டி, பழைய சரிவில் படிப்படியாக வெட்டி, புது மண்ணை ஒரு சாணுக்கு மேல் போகாத அடுக்காகப் போட்டு, நனைத்து, உருளை ஓட்ட வேண்டும். ஜேசிபி வாளியால் தட்டிவிட்டுப் போன மண் பழைய கரையோடு ஒட்டாது. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் இறங்கி, முதல் பெருமழையில் பாளமாகக் கழன்றுவிடும். வெறும் வண்டலைப் போட்டிருந்தால் கோடையில் வெடித்திருக்கும், இப்போதே போய்ப் பாருங்கள்.

மடையை மறந்துவிடாதீர்கள். கதவு சரியாக உட்காராமல் விநாடிக்கு ஒரு லிட்டர் கசிந்தால் ஒரு நாளைக்கு 86 கன மீட்டர், 90 நாளில் 7,700-க்கு மேல். தோண்டிச் சேர்த்த கொள்ளளவைவிட இது அதிகம். திருகுக் கம்பியும் கதவும் மாற்றும் செலவு தூர் வாருவதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

வேலையின் வரிசை முக்கியம்: முதலில் கலுங்கு, அடுத்து கரையின் பலவீனமான இடங்கள், பிறகு மடை, அதன் பிறகே வரத்துக்கால். வரத்துக்காலை முதலில் திறந்துவிட்டால் கூடுதல் தண்ணீர் பழுதான கரையில் வந்து மோதும். வரத்துக்காலைக் கண்மாய் முனையிலிருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டு போங்கள். வண்டல் கடைசி. அதற்கு அரசுப் பணம் தேவைப்படாது. நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்ற அளவில் விவசாயிகளே இலவசமாக எடுத்துப்போகலாம். எந்த இடத்தில், எவ்வளவு ஆழம் என்பதை மட்டும் கொடி நட்டுக் காட்டுங்கள்.

வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் நீர்ப்பாய்ச்சியை மறுபடி நியமியுங்கள். சிறு மடை விநாடிக்கு 20 லிட்டர் தந்தால் ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் நீர் பாய்ச்ச மூன்று மணி நேரம் போதும். 62 ஏக்கருக்கு 186 மணி, எட்டு நாள் முறை. கண்மாய் பாதிக்குக் கீழே போனதும் இந்த முறை தொடங்க வேண்டும். அறுவடையில் நெல்லாகக் கொடுத்த கூலியை இன்று பணமாகக் கொடுங்கள், ஆயக்கட்டுதாரர் ஏக்கருக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளட்டும்.

மே 1 கிராம சபை நல்ல சமயம், கண்மாய் வறண்டிருக்கும், எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தீர்மானத்தில் "கண்மாயைச் சீரமைக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் தூங்கும். புல எண்ணோடு எழுதுங்கள். கண்மாய், வரத்துக்கால், மறுகால் மூன்றுக்கும் அ-பதிவேட்டு (நிலப் பதிவேடு) நகல், புலப்படம், கிராம வரைபடம் ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வரத்துக்கால் ஓடைப் புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறதா, பட்டாவுக்குள் போய்விட்டதா என்பது அதில் தெரியும். அளந்து கல் நட வட்டாட்சியரைக் கேட்பது ஒரு தீர்மானம். மீன்பாசிக் குத்தகை, மர ஏலம் இரண்டின் பணமும் எந்தக் கணக்கில் வரவாகிறது என்று ஒன்றியத்திடம் எழுத்தில் கேட்டு, அதைக் கண்மாய்ப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் வைக்கக் கோருவது இன்னொன்று. குத்தகை நிபந்தனையில், மீன் பிடிப்பதற்காக மடையைத் திறந்து தண்ணீரை வடிக்கக் கூடாது என்ற வரி இருக்கட்டும். மேல், கீழ் ஊராட்சிகளோடு கூட்டுக்குழு அமைக்க ஒன்றியத்தைக் கோருவது மூன்றாவது.

மேலூர்க்காரர்களிடம் போகும்போது புகார் மனுவோடு போகாதீர்கள். இரண்டு ஊரிலிருந்தும் நாலு பேர், ஒன்றியப் பொறியாளர், கொத்தனார் ஒருவர், ஒரு டியூப் லெவல். கலுங்கின் பழைய மட்டம் பக்கச்சுவரில் பாசிக்கோடாகத் தெரியும். அங்கிருந்து கரையின் தாழ்ந்த இடம் வரை மட்டம் பாருங்கள். வெள்ளத்துக்கு விட்ட இடம் எத்தனை அங்குலம் மிச்சம் என்று அவர்கள் கண்முன்னால் தெரியட்டும். உடைந்தால் முதலில் முழுகுவது அவர்களுடைய வயல். அந்த ஒரு அடிக் கான்கிரீட்டை வெட்டி எடுத்து, அதே இடத்தில் குத்துக்கல்லும் பலகையும் வைக்கச் சம்மதித்தால், பலகை போடும் தேதியை இரண்டு ஊரும் சேர்ந்து முடிவு செய்யும் என்று அன்றைக்கே எழுதி, இரண்டு கிராம சபைகளின் தீர்மானப் புத்தகத்திலும் ஏற்றிவிடுங்கள்.