கிராங்க் புல்லியை மாற்றலாமா? கேள்வி பதில்

கேள்வி: அலுமினிய கிராங்க் புல்லி போட்டால் 8, 10 குதிரைத்திறன் கூடும் என்று விற்கிறார்களே, உண்மையா சார்?

பதில்: இல்லை. கிராங்க் புல்லி என்பது இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க்கின் முனையில் இருந்து, ஏசி, வாட்டர் பம்ப், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் ஆகியவற்றின் பெல்ட்டை ஓட்டும் சக்கரம். அது திறனை உண்டாக்காது. சுற்றும் எடையை வேகமெடுக்க வைக்கச் செலவாகும் ஆற்றலில் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். கணக்கைப் பாருங்கள். கம்பெனி புல்லி 2.5 கிலோ, அலுமினியம் 0.7 கிலோ என்று வைத்தால், நிலைமத் திருப்புத்திறனில் (சுழல வைப்பது எவ்வளவு கடினம் என்பதன் அளவு) வித்தியாசம் சுமார் 0.006 கிலோகிராம் சதுர மீட்டர். முதல் கியரின் மொத்த விகிதம் 14, சக்கர ஆரம் 30 செ.மீ. எனில், வண்டியிலிருந்து 13 கிலோ இறக்கியதற்குச் சமம். விகிதம் 5.6 உள்ள மூன்றாவது கியரில் வெறும் 2 கிலோ. ஸ்டெப்னியை வீட்டில் இறக்கி வைத்தால் இதைவிட அதிக பலன், அதுவும் எல்லா கியரிலும்.

கேள்வி: ஆனால் டைனோ சார்ட்டில் 6 குதிரைத்திறன் கூடியதாகக் காட்டுகிறார்களே?

பதில்: டைனோ என்பது வண்டியை உருளை மேல் ஓட்டித் திறனை அளக்கும் கருவி. உருளையை எவ்வளவு வேகமாகச் சுழல வைக்கிறது என்பதை வைத்தே திறனைக் கணிக்கும் டைனோவில், குறைந்த நிலைமம் கூடுதல் திறன் போலத் தெரியும். இன்ஜின் சூடு, உள்ளே போகும் காற்றின் வெப்பம், டயர் காற்றழுத்தம் மாறினாலே 1, 2 சதவீதம் ஆடும். ஒரே நாளில், ஒரே கியரில், ஆயில் ஒரே சூட்டில், மாற்றும் முன் மூன்று ஓட்டம், பின் மூன்று ஓட்டம். இப்படிக் காட்டாத சார்ட்டை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் இன்ஜின் உள்ளேயே பேலன்ஸ் செய்யப்பட்டது, அதனால் ரப்பர் வைத்த புல்லி சத்தத்தைக் குறைக்க மட்டும்தான் என்கிறார் கடைக்காரர்.

பதில்: இந்த ஒரு வாதத்தால்தான் பல இன்ஜின்கள் கெடுகின்றன. பேலன்ஸ் வேறு, முறுக்கு அதிர்வு வேறு. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் நூலிழை அளவு முறுகி, மீண்டும் நேராகிறது. எவ்வளவு துல்லியமாக பேலன்ஸ் செய்த கிராங்க்கும் முறுகும். வெடிப்புகளின் தாளம் கிராங்க்கின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் ஆர்பிஎம்மில் இந்த முறுக்கம் பெருகும். கம்பெனி புல்லியில் நடு ஹப், அதைச் சுற்றி ரப்பர், வெளியே கனமான இரும்பு வளையம் இருக்கிறது அல்லவா? அந்த வளையமும் ரப்பரும் இந்த அதிர்வெண்ணுக்கென்றே கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. வளையம் எதிர்த்திசையில் ஆடி முறுக்கத்தை அடக்கும், ரப்பர் அந்த ஆற்றலை வெப்பமாக்கி வெளியேற்றும். நீங்கள் கழற்றி எறிவது எடையை அல்ல, அதிர்வை அடக்கும் இந்த டேம்பரை.

இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆயில் பம்ப் கிராங்க் மூக்கிலேயே (முன்முனையிலேயே) உட்கார்ந்திருக்கும் இன்ஜின்களில் முதல் பலி அந்தப் பம்ப்பின் கியர். உலோகத்தூளை அழுத்திச் செய்த கியர் விரிசல் விட்டு உடையும், ஆயில் அழுத்தம் போய் பேரிங்குகள் பிடித்துக்கொள்ளும். கிராங்க் போல்ட் தளர்வது, சாவிப்பள்ளம் (புல்லி நழுவாமல் பிடிக்கும் 'சாவி' என்ற சிறு இரும்புத் துண்டு உட்காரும் பள்ளம்) தேய்வது, கடைசியாகக் கிராங்க்கே முறிவது எல்லாம் இதே வரிசைதான். கிராங்க் நீளமாக இருக்கும் இன்லைன் ஆறு சிலிண்டரில் ஆபத்து மிக அதிகம். பிஎம்டபிள்யூ எம்54 போன்றவற்றில் திட அலுமினியத்தைத் தயவுசெய்து போடாதீர்கள். கெடுதல் மறுநாளே தெரியாது என்பதால்தான் "போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று பலர் சொல்கிறார்கள்.

கேள்வி: எல்லா வண்டியிலும் டேம்பர் இருக்குமா அண்ணா?

பதில்: இருக்காது. சில சிறிய இன்ஜின்களில் கம்பெனியே ஒரே துண்டாகச் செய்த புல்லியைப் போடுகிறது. சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்து, ஹப்புக்கும் பெல்ட் பள்ளத்துக்கும் நடுவே கறுப்பு ரப்பர் வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் இலகு புல்லியால் பெரிய கெடுதல் இல்லை, பெரிய லாபமும் இல்லை.

கேள்வி: அளவு சிறியதான அண்டர்டிரைவ் கிராங்க் புல்லி பற்றிச் சொல்லுங்கள். ஏசி, ஆல்டர்னேட்டர் சுமை குறையுமாமே?

பதில்: 20 சதவீதம் சிறியது என்றால் பெல்ட்டில் ஓடும் எல்லாமே 20 சதவீதம் மெதுவாகும். வாட்டர் பம்ப்பில் உண்மையிலேயே மிச்சம் உண்டு. அது எடுக்கும் திறன் வேகத்தின் மும்மடிக்கேற்ப மாறுவதால் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் குளிர்நீர் ஓட்டமும் குறையும். ஆல்டர்னேட்டரில் மிச்சம் அற்பம்: விளக்கும் ஃபேனும் 50 ஆம்பியர் கேட்டால், மெதுவாகச் சுற்றினாலும் அதைக் கொடுத்தே ஆகவேண்டும். ஸ்டியரிங் மின்சாரத்தில் ஓடும் வண்டியில் அந்தப் பக்கம் மிச்சம் பூஜ்யம்.

நஷ்டம் ஐட்லிங்கில். 750 ஆர்பிஎம்மில், 2.7 விகிதத்தில் ஆல்டர்னேட்டர் சுமார் 2,000 சுற்றும். அண்டர்டிரைவ் போட்டால் 1,600. சித்திரை வெயிலில் சென்னை சிக்னலில் ஏசி, ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் எல்லாம் ஓடும்போது இது போதாது. பேட்டரி இறங்கும், ஏசி குளிராது. தினசரி வண்டிக்கு வேண்டாம்.

கேள்வி: 2004 மினி கூப்பர் எஸ் (ஆர்53) வைத்திருக்கிறேன். 15 சதவீத சூப்பர்சார்ஜர் புல்லி?

பதில்: இதுதான் காசுக்குத் தகுந்த புல்லி. சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பம்ப். இங்கே சிறியதாக்குவது கிராங்க் புல்லியை அல்ல, சூப்பர்சார்ஜரின் புல்லியை. அது சூப்பர்சார்ஜரை வேகமாகச் சுற்ற வைத்து பூஸ்ட்டை (அந்தக் காற்றின் அழுத்தத்தை) கூட்டுகிறது. கிடைக்கும் திறன் நிஜம். ஆனால் தனியாகப் போடாதீர்கள். சற்றுக் குட்டையான பெல்ட், ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக், நல்ல ஆக்டேன் பெட்ரோல், முடிந்தால் ட்யூனிங். பழைய புல்லியை அதற்கான புல்லரால்தான் எடுக்கவேண்டும், சுத்தியல் தொடக்கூடாது. இந்த இன்ஜினில் வாட்டர் பம்ப்பும் சூப்பர்சார்ஜரிலிருந்தே ஓடுகிறது, அதனால் அதுவும் வேகமாகும். வேலையோடு கிராங்க் டேம்பரையும் பாருங்கள், இந்த வண்டியில் அது பிரிந்துபோவது வழக்கம்.

கேள்வி: மஸ்டா எம்எக்ஸ்-5 (என்சி). புல்லியை நானே கழற்றலாமா?

பதில்: டைமிங் (கிராங்க்கும் வால்வுகளும் ஒத்து இயங்கும் நிலை) பூட்டும் கருவிகள் இல்லாமல் அந்த போல்ட்டைத் தொடாதீர்கள். இந்த எம்இசட்ஆர் இன்ஜினில் கிராங்க்கில் சாவி கிடையாது. டைமிங் செயின் பல்சக்கரத்தைப் பிடித்திருப்பது போல்ட்டின் இறுக்கம் மட்டுமே. தளர்த்திய நொடியில் டைமிங் நழுவலாம். கிராங்க் பின், கேம் தகடு, புல்லியை நிலையில் நிறுத்தும் எம்6 போல்ட் மூன்றும் வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய போல்ட், 100 நியூட்டன் மீட்டர், பிறகு 90 பாகை. கிராங்க் சென்சார் படிக்கும் பல் வளையமும் இந்தப் புல்லியில்தான். வாங்கும் புல்லியில் அது சரியாக இல்லாவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது.

கேள்வி: கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்ட ஒரு வண்டி தயார் செய்கிறோம். ரெட்லைனை (இன்ஜினின் உச்ச ஆர்பிஎம் வரம்பை) ஏற்றப்போகிறோம். என்ன போடலாம்?

பதில்: ஏடிஐ அல்லது ஃப்ளூயிடாம்பர் போன்ற ரேஸ் டேம்பர், எஸ்எஃப்ஐ 18.1 என்ற ரேஸ் பாதுகாப்புத் தரச் சான்றோடு. முன்னது ரப்பர் வளையங்களால், பின்னது கெட்டியான சிலிகான் திரவத்தால் அதிர்வை அடக்கும். எடை குறைக்கவேண்டும் என்றால் ஃப்ளைவீலில் (கிராங்க்கின் மறுமுனையில், கிளட்ச் பக்கம் இருக்கும் கனமான சக்கரம்) குறையுங்கள். அங்கே 4 கிலோ குறைத்தால் மேலே சொன்ன புல்லியைப்போல ஏழெட்டு மடங்கு பலன்.

கேள்வி: டீசல் கார். ஆல்டர்னேட்டரின் ஃப்ரீவீல் புல்லி போய்விட்டது, மெக்கானிக் சாதா புல்லி போடலாம் என்கிறார்.

பதில்: வேண்டாம். டீசலின் உதறல் பெல்ட்டுக்குப் போகாமல் தடுப்பது அதுதான். சாதா புல்லியில் பெல்ட் படபடக்கும், டென்ஷனர் சீக்கிரம் தேயும். முதலில் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள்: பெல்ட்டைக் கழற்றி, ரோட்டரை அசையாமல் பிடித்து, புல்லியைச் சுற்றுங்கள். ஒரு பக்கம் சுற்றி மறுபக்கம் பிடித்தால் நல்லது. இரு பக்கமும் சுற்றினாலோ, இரு பக்கமும் பிடித்தாலோ மாற்றவேண்டும்.

கேள்வி: 12 வருட வண்டி. கம்பெனி டேம்பர் இன்னும் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பதில்: ரப்பரில் வெடிப்பு, பிதுங்கல் இருக்கிறதா பாருங்கள். ஐட்லிங்கில் வெளிவளையம் ஆடக்கூடாது. பிறகு ஹப்பிலிருந்து வெளிவளையம் வரை வெள்ளை பெயின்டில் ஒரே நேர்க்கோடு போட்டு, ஒரு வாரம் ஓட்டுங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் வளையம் நழுவுகிறது என்று அர்த்தம். அதிலுள்ள டைமிங் குறியையும் இனி நம்பமுடியாது. புல்லிக்கென்று ஒதுக்கிய பணத்தில் புதிய ஒரிஜினல் டேம்பர், பெல்ட், டென்ஷனர் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள்.