மாநாட்டில் யாரைத் தேடிப் போவது?

அன்புள்ள ஐயா,

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் எம்.பில். செய்கிறேன். களனி கங்கைக் கழிமுகத்து மணலில் இருக்கும் நுண்பிளாஸ்டிக் பற்றியது என் ஆய்வு. அடுத்த மாதம் பி.எம்.ஐ.சி.எச்.சில் (பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில்) நடக்கும் மாநாட்டில் போஸ்டர் வைக்கிறேன். போன தடவை ஒரு உரை விடாமல் இருந்து கேட்டேன், பையும் சான்றிதழும் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. ஆங்கிலத்தில் கதைக்கவும் தயக்கம். என்ன செய்யலாம்?

ந., வெள்ளவத்தை

அன்புள்ள ந.,

ஒரு உரை விடாமல் கேட்டதுதான் சிக்கல். உரையில் சொல்வது பெரும்பாலும் பிறகு கட்டுரையாக வந்துவிடும், வீட்டிலிருந்தே வாசிக்கலாம். எது சரிவரவில்லை, எந்த வழியைப் பாதியில் விட்டார்கள் என்பதெல்லாம் கட்டுரையில் வராது, நேரில் கேட்டால்தான் சொல்வார்கள். அதற்காகத்தான் மாநாட்டுக்குப் போக வேண்டும்.

ஆய்வுச் சுருக்கத் தொகுப்பு கைக்கு வந்ததும் உட்கார்ந்து வாசித்து, உங்கள் வேலைக்குக் கிட்ட நிற்கிற மூன்று நான்கு பேரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை, ஆய்வுகூடத்தில் தினமும் மணலை அலசுகிற இன்னொரு மாணவிக்குத்தான் உங்களுக்கு வேண்டிய விஷயம் தெரிந்திருக்கும். ஆளுக்கொரு கேள்வி போதும். ‘உங்கள் ஆய்வு நன்றாக இருந்தது’ என்று போய் நின்றால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ‘நான் மணலிலிருந்து பிளாஸ்டிக்கைச் சாதாரண உப்புக் கரைசலில் மிதக்க வைத்துத்தான் பிரிக்கிறேன், அதன் அடர்த்தி 1.2, போத்தல் செய்கிற பெட் பிளாஸ்டிக் கிட்டத்தட்ட 1.38, அதனால் அது மிதக்காமல் மணலோடு தங்கிவிடுகிறது, நீங்கள் என்ன கரைசல் பாவித்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள், தேநீரை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கதைக்கத் தொடங்குவார்.

ஆங்கிலம்? இந்தக் கேள்விக்கு வேண்டிய ஆங்கிலம் நீங்கள் ஆய்வுக் கொப்பியில் தினமும் எழுதுவதுதான். முதல் இரண்டு வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள், மிச்சம் தானாக வரும். தமிழில் கதைக்கக்கூடியவர் என்றால் தமிழிலேயே கேளுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

இடைவேளையில் நம் பிள்ளைகள் ஒரே கெம்பஸ் ஆட்களாக ஒரு மூலையில் நின்று ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விடுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. பேராதனையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் பத்தடி தள்ளித்தானே நிற்கிறார்கள்! 1972 நவம்பரில் ஹவாயில் ஒரு மாநாடு. பாக்டீரியாவுக்குள் இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிட்டை ஆராய்ந்த ஸ்டான்லி கோஹனும், டி.என்.ஏ.யைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டுகிற நொதியில் வேலை செய்த ஹெர்பர்ட் போயரும் இரவு ஒரு சாண்ட்விச் கடையில் உட்கார்ந்து, இரண்டையும் சேர்த்தால் என்ன என்று கதைத்தார்கள். அடுத்த வருடமே மரபணுக்களை வெட்டி ஒட்டும் முறை கட்டுரையாக வெளிவந்தது, இன்சுலினை பாக்டீரியாவில் தயாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். மண்டபத்துக்குள் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கதை நடந்திருக்குமா?

அப்புறம் போஸ்டர். குறித்த நேரம் முழுக்க அதன் பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் மறைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். வருகிறவரிடம் முதலில் ‘நீங்கள் என்ன செய்கிறீர்கள்’ என்று கேட்டுவிட்டு, அவருக்குப் பயன்படுகிற பகுதியை மட்டும் ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள். எழுதியிருப்பதை வாசித்துக் காட்டாதீர்கள், அவருக்கும் வாசிக்கத் தெரியும். யாராவது குறை சொன்னால் வாதாடாமல் அவர் முன்னாலேயே கொப்பியில் எழுதுங்கள், இன்னும் இரண்டு விஷயம் சொல்வார்.

கதைத்தவர்களுக்கு அன்றிரவே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். அனுப்புகிறேன் என்று சொன்ன கட்டுரையை அதிலேயே இணைத்துவிடுங்கள். ஒரு வாரம் போனால் உங்களுக்கே யார் எது கேட்டார் என்று மறந்துவிடும்.